தரையோடு அடித்தால் போதாது: ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழகத் தலைவர் மார்க் ஷபைரோ, பொது முகாமையாளர் ரொஸ் அட்கின்ஸ், அணி முகாமையாளர் ஜோன் ஷ்னைடர், துடுப்பாட்டப் பயிற்றுநர் டேவிட் பொப்கின்ஸ் ஆகியோருக்கு,

வணக்கம்.

2025 நவம்பர் 1ஆம் திகதி இரவு தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ரொறன்ரோவின் றொஜர்ஸ் சென்டரில் முடிந்த, வட அமெரிக்க பேஸ்போல் கிண்ணத்துக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸிடம் 11 இன்னிங்ஸில் 5க்கு 4 என்று நம் அணி தோற்றதன் பின்னர், இந்நகரத்து இரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கிண்ணத்துக்கான பிளே ஓஃப் ஆட்டங்கள் நடக்கும் ஒக்டோபரில் பெரிய அடி அடிப்பவர்களே வெல்கிறார்கள், பந்தைத் தொட்டுத் தொட்டு ஆடியதால்தான் கிண்ணம் கைநழுவியது என்பது ஒரு கட்சி. ஒரேயொரு ஓட்டம் தேவைப்பட்ட வேளையில் அதை எடுக்கும் விதம் தெரியாமற் போயிற்று, நிலைமை பார்த்துச் சின்ன ஆட்டம் ஆடியிருந்தால் வென்றிருக்கலாம் என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே ஆட்டத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. அந்த ஆட்டத்தை நிதானமாகத் திருப்பிப் பார்த்தால், சாட்சி சொல்வது இரண்டு கட்சிக்கும் உதவாத வேறொரு செய்தி என்பது என் எண்ணம். அதை உங்கள் முன் வைப்பதற்கே இம்மடல்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் அணியைப் பற்றி நாங்கள் வீட்டிலும் வேலைத்தளத்திலும் சண்டை பிடிப்பது தமிழில்தான் என்பதே. மொழிபெயர்த்துச் சொல்ல உங்கள் அலுவலகத்திலேயே ஒரு தமிழ்ப்பிள்ளை இருக்கவும் கூடும்.

அன்றிரவு டொட்ஜர்ஸ் எடுத்த ஐந்து ஓட்டங்களும் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். நான்காவது இன்னிங்ஸில் டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் நடுக்களத்துக்கு அடித்த பந்தை நம் டோல்டன் வார்ஷோ பாய்ந்து பிடித்தார். பிடித்த கணத்தில் மூன்றாம் தளத்தில் நின்றவர் புறப்பட்டு, ஓட்டக்காரர் சுற்றிவந்து சேர வேண்டிய கடைசித் தளமான வீட்டுத் தளத்துக்கு வந்து ஓட்டத்தைச் சேர்த்தார். ஆறாவது இன்னிங்ஸில் டொமி எட்மனும் அதையே செய்தார். துடுப்பாட்ட வீரர் தான் பிடிபட்டு ஆட்டமிழந்தாலும் தளத்தில் நிற்பவரை வீடு சேர்க்கும் இந்த அடியைச் சாக்ரிஃபைஸ் ஃப்ளை என்பார்கள். நிலைமைக்கேற்ற ஆட்டத்துக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. எட்டாவது இன்னிங்ஸில் ட்ரே யெசாவேஜின் பந்தில் மக்ஸ் மன்சி ஒரு ஹோம் ரன், அதாவது வேலிக்கு அப்பால் பறந்து, அடித்தவரையும் தளங்களில் நிற்பவர்களையும் வீடு சேர்க்கும் அடி. ஒன்பதாவதில், நம் வெற்றிக்கு இன்னும் இரண்டே ஆட்டமிழப்புகள் தேவைப்பட்ட நேரத்தில், ஜெஃப் ஹொஃப்மனின் பந்தில் மிகேல் ரோஹாஸ் ஒரு ஹோம் ரன். பெரிய அடிக்காரர் என்று எவரும் பயந்திராத அந்த மனிதரின் அடியோடு ஆட்டம் 4க்கு 4 என்று சமநிலைக்கு வந்தது. பதினோராவதில் இருவர் ஆட்டமிழந்த பின் ஷேன் பீபரின் பந்தில் வில் ஸ்மித் ஒரு ஹோம் ரன். இரண்டு சாக்ரிஃபைஸ் ஃப்ளை, மூன்று ஹோம் ரன். ஒரு கட்சி இதில் மூன்றை எண்ணுகிறது, மற்றது இரண்டை எண்ணுகிறது. ஐந்தும் வானத்தில் போன பந்துகள் என்பதை இரண்டு கட்சியும் கவனிப்பதில்லை.

இனி நம் அணியின் ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதிக்கு வருகிறேன். இது எங்கள் வீடுகளில் இன்னும் ஆறாத புண். ஆயினும் தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ஆட்டமிழந்த பின் போ பிஷெட் ஒரு தளம் சேர்ந்தார். முழங்கால் காயத்தோடு ஆடிய அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு ஐசாயா கைனர்-ஃபலேஃபாவை அனுப்பினீர்கள். அடிசன் பார்ஜர் எல்லைக்கு வெளியே வந்த நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு இலவசமாக முதலாம் தளம் போனார். முந்தைய நாள் 96 பந்துகள் வீசியிருந்த டொட்ஜர்ஸ் பந்து வீச்சாளர் யொஷினோபு யமமோட்டோ அப்போது உள்ளே வந்தார். அலெஹான்ட்ரோ கேர்க்கின் உடலில் பந்து பட, அவரும் இலவசமாகத் தளம் போய் மூன்று தளங்களும் நிறைந்தன. ஒரே ஓட்டம் வந்தால் 1993க்குப் பிறகு முதலாவது கிண்ணம். டொட்ஜர்ஸின் உள்வட்டக் களத்தடுப்பாளர்கள் வீட்டுத் தளத்தில் ஓட்டத்தைத் தடுப்பதற்காக முன்னே நகர்ந்து நின்றார்கள்.

வார்ஷோ பந்தைத் தொட்டார். 2025ஆம் ஆண்டு முழுவதும் இந்த அணியைப் பற்றி எல்லோரும் பாராட்டியது இதைத்தான்: மேஜர் லீக்கின் முப்பது அணிகளிலும் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகிய (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே ஆட்டமிழந்த) அணி, கூடிய துடுப்பாட்டச் சராசரியைக் காட்டிய அணி. ஆனால் அந்தப் பந்து தரையோடு இரண்டாம் தளத்துப் பக்கம் போயிற்று. ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து வீட்டுத் தளத்துக்கு எறிந்தார். அங்கே பந்தைப் பிடித்த வில் ஸ்மித்தின் கால் தளத்திலிருந்து ஒரு கணம் எழுந்து மறுபடி பதிந்தது. கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்து சேர்ந்ததற்கும் அந்தக் கால் பதிந்ததற்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைக் காண நடுவர்களுக்கு ஒளிப்பதிவைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. கால் முந்தியது, ஓடிவந்தவர் ஆட்டமிழந்தார். அடுத்து ஏர்னி கிளமென்ட் இடது-நடுக்களத்தின் சுவர்வரை அடித்த பந்தை, சற்று முன்னரே களத்துக்குள் அனுப்பப்பட்டிருந்த அன்டி பாஹெஸ், கீகே ஹெர்னாண்டஸின் மேல் மோதி விழுந்தபடி பிடித்தார். ஒரே பருவத்தின் பிளே ஓஃப் ஆட்டங்களில் 30 தடவை தளம் சேரும் அடி அடித்து அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கையைத் தொட்டவர் கிளமென்ட். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போனது அவருடைய அடியில்தான்.

மூன்றாவது ஆள் ஆட்டமிழந்ததும் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அதை மனதில் வைத்து, இந்த இரண்டு அடிகளும் வந்த வரிசையை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டுமே ஆட்டமிழந்திருந்தபோது கிளமென்ட்டின் அந்தப் பந்து போயிருந்தால், பாஹெஸ் பிடித்திருந்தாலும் கவலையில்லை. மூன்றாம் தளத்தில் நின்றவர் நடந்தே வந்து ஆட்டத்தை முடித்திருப்பார். வார்ஷோவும் கிளமென்ட்டும் இருவருமே பந்தைத் தொட்டார்கள், இருவருமே ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை. ஒரு தொடுகையில் கிண்ணம் இருந்தது, மற்றதில் இருக்கவில்லை. ‘பந்தை ஆட்டத்துக்குள் போடு, மீதி தன்னால் நடக்கும்’ என்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஓதுகிற மந்திரம் எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை. உள்வட்டம் முன்னே நிற்கும்போது தேவைப்படுவது எழும்பிப் போகும் தொடுகை. எழும்பிப் போகும் பந்தை அடிக்கிற வீச்சும் ஹோம் ரன் அடிக்கிற வீச்சும் ஒரே வீச்சுத்தான். பந்தின் அடிப்பாதியை மேல்நோக்கிய பாதையில் சந்திப்பது. நல்லாகப் பட்டால் வேலிக்கு அப்பால், அரைகுறையாகப் பட்டால் வேலிக்கு முன்னால். இரண்டிலும் ஓட்டம் வருகிறது.

ஆகவே பலமாக அடிப்பவர் வேறு, நிலைமை பார்த்து அடிப்பவர் வேறு என்று ஆட்களைப் பிரித்து அணி சேர்ப்பதே பிழையான கணக்கு என்பது என் வாதம். இந்தப் பிரிவினையை உடைத்துக் காட்டும் ஆட்டங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் நிறையவே உண்டு.

2024 வேர்ல்ட் சீரிஸின் முதலாவது ஆட்டத்தைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பத்தாவது இன்னிங்ஸில் தளங்கள் நிறைந்திருக்க டொட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன், நியூயோர்க் யாங்கீஸின் நெஸ்டர் கோர்டெஸின் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். முதல் நான்கு ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கொரு தடவை என்பதுபோல் ஹோம் ரன் அடித்த அந்த ஃப்ரீமனின் அணியே ஐந்தாவது ஆட்டத்தில் எப்படிக் கிண்ணத்தை எடுத்தது என்பதைச் சொல்லச் சொன்னால், யாங்கீஸின் களத்தடுப்புப் பிழைகளோடு பேச்சு நின்றுவிடும். அது உண்மைதான்: ஆரன் ஜட்ஜ் ஒரு பிடியைத் தவறவிட்டார், அன்தனி வோல்பி பிழையாக எறிந்தார், கெரிட் கோல் முதலாம் தளத்தை மூட ஓடவில்லை, 5க்கு 0 என்றிருந்த முன்னணி ஒரே இன்னிங்ஸில் போயிற்று. ஆயினும் வெற்றியைத் தந்தது எட்டாவது இன்னிங்ஸ். 6க்கு 5 என்று பின்தங்கியிருந்தபோது தளங்களை நிறைத்துவிட்டு, கவின் லக்ஸ் ஒரு சாக்ரிஃபைஸ் ஃப்ளை, முக்கி பெட்ஸ் ஒரு சாக்ரிஃபைஸ் ஃப்ளை; 7க்கு 6. அந்த ஆண்டில் ஷோஹெய் ஓட்டானி என்ற ஒருவரே 54 ஹோம் ரன் அடித்திருந்த அணி, கடைசி இரண்டு ஓட்டங்களையும் இரண்டு பிடிகொடுத்த பந்துகளால் எடுத்தது.

எதிர்ப்பக்கத்துக்கு வந்தால், பந்தைத் தொடும் ஆட்டத்தின் குலதெய்வமாகக் கொண்டாடப்படுவது கன்சாஸ் சிற்றி றோயல்ஸ். 2014ஆம் ஆண்டில் மேஜர் லீக்கிலேயே குறைந்த ஹோம் ரன் அடித்த அணி அது: 162 ஆட்டங்களில் 95. ஒக்லண்டுக்கு எதிரான வைல்ட் காட் என்ற ஒற்றைத் தகுதியாட்டத்தில் ஏழு தளங்களைத் திருடி (அடி விழாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்து), 7க்கு 3 என்ற நிலையிலிருந்து மீண்டு, 12 இன்னிங்ஸில் வென்றது. இதுவரை கதை சரி. அதற்கடுத்த சுற்றில் ஏஞ்சல்ஸுக்கு எதிரான முதலாவது ஆட்டத்தை 11ஆவது இன்னிங்ஸில் மைக் மூஸ்டாக்கஸின் ஹோம் ரன்னாலும், இரண்டாவது ஆட்டத்தை அதே 11ஆவது இன்னிங்ஸில் எரிக் ஹொஸ்மரின் ஹோம் ரன்னாலும் அவர்கள் வென்றதைக் கொண்டாட்டக்காரர்கள் சொல்வதில்லை. 2015இல் அவர்கள் மெற்ஸை வென்ற தொடரின் முதலாவது ஆட்டமும் அப்படியே. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜூரிஸ் ஃபமிலியாவின் பந்தில் அலெக்ஸ் கோர்டனின் ஹோம் ரன் இல்லாவிட்டால், 14ஆவது இன்னிங்ஸில் ஹொஸ்மரின் சாக்ரிஃபைஸ் ஃப்ளைக்கு இடமே வந்திராது. 2005இல் சிக்காகோ வைட் சொக்ஸ் சின்ன ஆட்டத்தால் வென்றதாக இன்றும் எழுதுகிறார்கள். அந்த அணி வழக்கமான பருவத்தில் 200 ஹோம் ரன் அடித்திருந்தது. அதில் தளம் திருடுவதற்கென்றே வைத்திருந்த, பருவம் முழுக்க ஒரு ஹோம் ரன் கூட அடிக்காத ஸ்கொட் பொட்செட்னிக், வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தை ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னால் முடித்து வைத்தது பேஸ்போலின் குறும்பு.

பலமான அடிக்காரர்கள் ஒக்டோபரில் காணாமற் போவதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரே பருவத்தில் 307 ஹோம் ரன் அடித்து 2019இல் சாதனை படைத்த மினசோட்டா ட்வின்ஸ், முதற் சுற்றிலேயே யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. அதே 307ஐ 2023இல் தொட்ட அட்லான்ரா பிரேவ்ஸ், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான நான்கு ஆட்டங்களில் மொத்தம் எட்டு ஓட்டங்களோடு வீட்டுக்குப் போனது. ஆனால் அதே தராசில் மில்வோக்கி புரூவர்ஸையும் வைக்க வேண்டும். 2025இல் 97 வெற்றிகளோடு எல்லா அணிகளுக்கும் மேலே நின்ற, ஓட்டத்தாலும் தொடுகையாலும் எதிரணிகளை வதைத்த புரூவர்ஸ், டொட்ஜர்ஸுக்கு எதிரான நான்கு ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒன்றாக நான்கு ஓட்டங்களை எடுத்தது. மூன்று, நான்கு ஆட்டங்களில் எந்தத் தத்துவமும் தோற்கலாம். அதை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வது வானொலியாளர்களின் தொழில். ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் உங்களுக்கு அது ஆகாது.

ஒக்டோபரில் உண்மையில் மாறுவது எதிரே வீசுபவர்களின் தரம். ஐந்தாவது இடத்துப் பந்து வீச்சாளர் காணாமற் போகிறார். ஓய்வு நாட்கள் இடையில் வருவதால் சிறந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒரே துடுப்பாட்ட வீரர் ஒரே பந்து வீச்சாளரை மூன்றாம் தடவை பார்க்கும் வாய்ப்பு அரிதாகிறது. இதை ஒரு சிறு கணக்காக்கிப் பார்க்கலாம். வழக்கமான பருவத்தில் ஓர் அணியின் வீரர்கள் நூற்றுக்கு 32 தடவை தளம் சேர்கிறார்கள் என்றும், ஒக்டோபரில் அது 28 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எட்டில் ஒரு பங்கு இழப்பு. மூன்று பேர் அடுத்தடுத்துத் தளம் சேர்வதற்கான வாய்ப்போ 3.3 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காட்டுக்கு விழுகிறது. அது மூன்றில் ஒரு பங்கு இழப்பு. கோத்துக் கோத்து ஓட்டம் சேர்க்கும் அணியை நல்ல பந்து வீச்சு இப்படித்தான் இரட்டிப்பாகத் தண்டிக்கிறது. ஹோம் ரன்னுக்கு அந்தக் கோவை தேவையில்லை, ஒரு பிழையான பந்து போதும். வென்ற அணிகளின் ஓட்டங்களில் ஹோம் ரன் இவ்வளவு தூக்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பலசாலிகளுக்கு ஒக்டோபரில் தனிவரம் எதுவும் கிடையாது.

துடுப்பை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிப்போடும் பன்ட் பற்றியும் சில வார்த்தைகள். 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி, வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய சுற்றில் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், 3க்கு 1 என்று பின்தங்கியிருந்த ஏழாவது இன்னிங்ஸில், பார்ஜரும் கைனர்-ஃபலேஃபாவும் தளத்தில் நிற்க அன்ட்ரெஸ் ஹிமெனஸ் பந்தைத் தட்டிப்போட்டு இருவரையும் ஒரு தளம் நகர்த்தினார், அடுத்து வந்த ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் ஹோம் ரன் அடித்தார், 4க்கு 3, இந்நகரமே தெருவுக்கு வந்தது. அந்தப் பன்ட் வென்று தந்தது என்று இன்றும் என் நண்பர்கள் சாதிக்கிறார்கள். ஸ்பிரிங்கரின் பந்து வேலிக்கு வெளியே போயிற்று. தளத்தில் நின்ற இருவரும் முதலாம், இரண்டாம் தளங்களில் நின்றிருந்தாலும் அதே மூன்று ஓட்டங்கள்தாம். பல்லாண்டு ஆட்டங்களின் சராசரியைப் பார்த்தால், எவரும் ஆட்டமிழக்காமல் முதலாம் தளத்தில் ஒருவர் நிற்கும் இன்னிங்ஸில் ஏறத்தாழ 0.9 ஓட்டம் எதிர்பார்க்கலாம். ஒருவரைப் பலிகொடுத்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்திய பின் அது ஏறத்தாழ 0.7. இருபத்தேழு ஆட்டமிழப்புகளே உள்ள ஓர் ஆட்டத்தில் ஒன்றைக் கையால் எடுத்துக் கொடுப்பதற்கு நல்ல காரணம் வேண்டும்.

ஆனால் டொட்ஜர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் நாம் போட்ட பன்ட்டை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு ஓட்டம் பின்தங்கிய நிலையில் விளாடிமிர் கெரேரோ இரண்டாம் தளம்வரை போகும் அடியோடு தொடங்கினார். அடுத்த இடத்தில், பிஷெட்டுக்குப் பதிலாக ஓடிய காரணத்தால், கைனர்-ஃபலேஃபா துடுப்போடு நின்றார்; பன்ட் போட்டுக் கெரேரோவை மூன்றாம் தளத்துக்கு நகர்த்தினார். எவரும் ஆட்டமிழக்காமல் இரண்டாம் தளத்தில் ஒருவர் நிற்கையில் ஒரு ஓட்டமாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைச் சற்றுத் தாண்டும். ஒருவர் ஆட்டமிழந்து மூன்றாம் தளத்தில் ஒருவர் நிற்கையில் அது நான்கைந்து புள்ளி கூடும். சமநிலைக்காக அந்த நான்கைந்து புள்ளியை, அந்தத் துடுப்பாட்ட வீரரைக் கொண்டு வாங்கியது நியாயமே. அதன் பின் நடந்ததுதான் என் கவலை. பார்ஜர் இலவசமாகத் தளம் போனார். கேர்க்கின் துடுப்பு முறிந்து பந்து தரையோடு பெட்ஸிடம் போக, அவர் இரண்டாம் தளத்தை மிதித்து முதலாம் தளத்துக்கு எறிந்தார். இருவரும் ஒரே பந்தில் ஆட்டமிழக்கப் பருவம் முடிந்தது. குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகும் அணி செலுத்தும் வரி இந்த டபிள் பிளே. ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தால் ஒருவரோடு போயிருக்கும், அடுத்தவர் வந்திருப்பார். ஒவ்வொரு தொடுகையையும் ஒரே விலைக்கு மதிப்பிடும் கணக்கில் இந்த வரி தெரிவதில்லை.

வழக்கமான பருவத்தின் மேலதிக இன்னிங்ஸில் 2020 முதல் இரண்டாம் தளத்தில் ஒருவரை இலவசமாக நிறுத்தி வைக்கிறார்கள். ஒக்டோபரில் அந்தச் சலுகை இல்லை. ஆறு மாதங்கள் அந்த இலவச ஆளை நகர்த்திப் பழகிய கைகள், ஒக்டோபரின் வெறுந்தளங்களோடு தொடங்கும் இன்னிங்ஸில் என்ன செய்யும் என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? இதே 2025 வேர்ல்ட் சீரிஸில், லொஸ் ஏஞ்சலஸில் 18 இன்னிங்ஸ் நீண்ட மூன்றாவது ஆட்டத்தில், இரு அணிகளும் ஆளை நகர்த்தும் முயற்சிகளில் மணிக்கணக்காகக் களைத்த பின், கடைசியில் ஃப்ரீமனின் ஒற்றை அடி வேலிக்கு வெளியே போய் எல்லோரையும் உறங்க அனுப்பியது.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். முதலில், ஏழாவது ஆட்டத்தைக் காரணங்காட்டி, பந்தைத் தொடத் தெரிந்த இந்தத் துடுப்பாட்ட வரிசையைக் கலைத்துவிட்டு, இருநூறு தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகி நாற்பது ஹோம் ரன் அடிக்கும் ஆட்களைத் தேட வேண்டாம். உங்களிடமே முன்மாதிரி இருக்கிறது. கெரேரோ அந்தப் பிளே ஓஃப் ஆட்டங்களில் .397 என்ற சராசரியோடு 8 ஹோம் ரன் அடித்தார். ஸ்ட்ரைக் அவுட் ஆனது 7 தடவை. பலமா நிதானமா என்ற கேள்வியையே பொருளற்றதாக்கும் எண்கள் அவை. எல்லோரும் கெரேரோ ஆக முடியாது என்பது தெரியும். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை ஒரு பகுதிக்குள் வரும் பந்துக்கு மட்டும் காத்திருந்து பலமாக அடிப்பதும், விழுந்த பின் வீச்சைச் சுருக்குவதுமான அந்த ஒழுங்கு பயிற்றக்கூடியது. பொப்கின்ஸ் அவர்களே, 2025இல் நீங்கள் வந்து செய்ததும் பெரும்பாலும் அதுதான் என்று வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தோன்றியது. நான் கேட்பது அதன் அடுத்த படி. மூன்றாம் தளத்தில் ஆள் நின்று, இருவருக்குக் குறைவாக ஆட்டமிழந்திருக்கும் வேளைகளைத் தனியாகப் பிரித்தெடுத்து, யார் யாருடைய தொடுகை வெளிக்களம்வரை எழும்பிப் போகிறது, யாருடையது தரையில் விழுகிறது என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். யமமோட்டோவின் ஸ்பிளிட்டர் போன்று கடைசி நேரத்தில் தாழும் பந்துகள் தரையடியைக் கேட்டு வாங்குபவை. அவற்றை விட்டுவிட்டு உயரே வரும் ஒரு பந்துக்குக் காத்திருக்கும் பொறுமை, அந்த வேளையில் வீச்சைவிடப் பெறுமதியானது. ஒருவருக்குப் பதிலாக மற்றவரை ஓட அனுப்பும்போதும், அந்த இடம் மறுபடி துடுப்பாட வரும் இன்னிங்ஸை மனதில் வைத்து அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

கடைசியாக, துடுப்போடு சம்பந்தமில்லாத, ஆனால் இந்த விவாதத்தில் எல்லோரும் மறக்கிற ஒன்று. ஆறாவது ஆட்டம் முடிந்தது, ஹிமெனஸ் அடித்த பந்தைக் கீகே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, இரண்டாம் தளத்தைவிட்டு அதிகம் விலகியிருந்த பார்ஜரை அதே பந்தில் ஆட்டமிழக்கச் செய்ததால். அடுத்த இரவு ஒன்பதாவது இன்னிங்ஸில் கைனர்-ஃபலேஃபா மூன்றாம் தளத்தை ஒட்டியே நின்றார். முந்தைய இரவின் சூடு எவர் மனத்திலும் ஆறியிருக்காது. ஒரு இரவு அதிக தூரம், மறு இரவு குறைந்த தூரம். தளங்கள் நிறைந்து, உள்வட்டம் முன்னே நின்று, ஒருவர் ஆட்டமிழந்திருக்கையில் மூன்றாம் தளத்திலிருந்து எத்தனை அடி விலகி நிற்பது, பந்து துடுப்பில் படும் கணத்தில் எந்தக் கால் தரையில் இருப்பது, நேராக வரும் பந்துக்கு எப்படித் திரும்புவது என்பவற்றை எவருடைய மனநிலைக்கும் விட்டுவைக்காமல், புளோரிடாவின் டனீடன் பயிற்சி முகாமில் வார்ஷோவின் அந்தத் தரைப்பந்தையே திரும்பத் திரும்ப உருட்டிவிட்டு, ஒவ்வொரு ஓட்டக்காரரையும் ஓடவிட்டு, ஓட்டங்காட்டும் கடிகாரத்தோடு அளந்து, ஏப்ரலுக்கு முன் முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ் இரசிகர்